கடன் கேளுங்கள், பதில் கிடைக்கும்: ஸ்கோர் 781, கார்டு மட்டும் வரவில்லை!

போன மாதம் நகைக்கடன் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நகைக்கடனைத் தொடவே இல்லை. ‘ரிவார்டு பாயின்ட் தரும் கிரெடிட் கார்டு எனக்குக் கிடைக்குமா?’ என்பதுதான் பெரும்பாலானவர்களின் கேள்வி. திருச்சியில் 29 வருடம் வங்கி வேலை பார்த்தவள் நான். கடைசி பதினோரு வருடம் கடன் பிரிவில் மற்றவர்களின் விண்ணப்பங்களைப் படிப்பதே வேலை. அந்தப் பழக்கத்தில் இந்தக் கடிதங்களையும் படித்தேன்.

மேடம், எனக்கு வயது 27. சிறுசேரியில் மென்பொருள் வேலை, கையில் 62,000 ரூபாய் வருகிறது. சிபில் ஸ்கோர் 781. விமான டிக்கெட்டுக்கு மாற்றக்கூடிய மைல் பாயின்ட் சேரும் கார்டு ஒன்றுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தேன். வருடக் கட்டணம் 5,000 ரூபாய். இரண்டே நாளில் ‘எங்கள் உள் விதிகளின்படி ஏற்க இயலவில்லை’ என்று குறுஞ்செய்தி வந்தது. கோபத்தில் அடுத்த பத்து நாளில் இன்னும் மூன்று வங்கிகளில் போட்டேன். இரண்டில் மறுப்பு, ஒன்றில் பதிலே இல்லை. இப்போது ஸ்கோர் 752. என் நண்பனுக்கு 740தான், அவனுக்கு அதே கார்டு வந்துவிட்டது. இது என்ன நியாயம்? என் சிபில் ரிப்போர்ட்டையும் வேலை, முகவரி, கடன், செலவு விவரங்களையும் இணைத்திருக்கிறேன்.
– வாசகர், மேடவாக்கம்

தம்பி, ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்பினீர்களே, அதுவே பாதி வேலையை முடித்துவிட்டது. ரிப்போர்ட் என்பது நீங்கள் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் சொல்லும் வரலாறு, ஸ்கோர் அதற்குப் போடும் மதிப்பெண். முதல் பக்கத்தில் இருக்கிற ஸ்கோரைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நாங்கள் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்போம். இன்றைக்கு அதைக் கணினி பார்க்கிறது என்றாலும், அது தேடுவதும் நாங்கள் தேடியதையேதான்.

கடைசிப் பக்கத்தில் இருப்பது ‘என்கொயரி’ பட்டியல். நீங்கள் கடனோ கார்டோ கேட்கும்போதெல்லாம் அந்த வங்கி உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கும். பார்த்த தேதியும் பார்த்தவர் பெயரும் அங்கே பதிவாகும். உங்கள் பட்டியலில் பதினோரு நாளுக்குள் நான்கு பதிவுகள். ‘மறுக்கப்பட்டது’ என்று ரிப்போர்ட்டில் எங்கும் எழுத மாட்டார்கள். ஆனால் நான்காவது வங்கிக்குக் கணக்குப் போடத் தெரியும். மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள், புதுக் கணக்கு ஒன்றுகூடத் திறக்கவில்லை. அப்படியானால் மூன்று பேரும் கொடுக்கவில்லை அல்லது இந்தப் பையனுக்கு எங்கிருந்தாவது உடனே பணம் வேண்டும். இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கை பின்னால் போகும். ஸ்கோர் குறைந்ததில் இந்தக் கோபத்துக்கும் பங்கு உண்டு.

சரி, முதல் வங்கி ஏன் மறுத்தது? அப்போது இந்த என்கொயரிகள் இல்லையே. அதற்கு நடுப்பக்கங்களுக்குப் போக வேண்டும்.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு கார்டு இருக்கிறது. லிமிட் 40,000. ஒவ்வொரு மாதமும் நிலுவை 35,000க்குப் பக்கத்தில் நிற்கிறது. ‘நான் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறேனே!’ என்பீர்கள். ஒரு மாதம்கூட நீங்கள் தவறவில்லை, அது எனக்கும் தெரிகிறது. ஆனால் ரிப்போர்ட்டில் ஏறுவது, வங்கி தகவல் அனுப்பும் அன்றைக்கு உங்கள் கணக்கில் இருக்கிற நிலுவை. பில் வந்த பிறகு, கடைசித் தேதியில் கட்டுகிறவருக்கு அந்த நாளில் நிலுவை முழுசாக இருக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு 40,000 லிமிட்டில் 87 சதவீதத்தைக் கரைத்தவர் நீங்கள். 30 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இதைச் சரிசெய்யச் செலவைக் குறைக்கக்கூட வேண்டாம். பில் போடும் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே ஒரு 25,000 ரூபாயைக் கட்டிவிடுங்கள். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பது விதி. அதனால் மாற்றம் தெரிய முன்போல நீண்ட நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது தவணைகள். பைக்குக்கு 4,800, போனுக்கு 3,200, அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய பர்சனல் லோனுக்கு 14,500. மொத்தம் 22,500. சம்பளம் 62,000. வரும் நூறு ரூபாயில் 36 ரூபாய் ஏற்கெனவே அடுத்தவருடையது. சாதாரண கார்டு என்றால் இதைக் கண்டும் காணாமல் விட்டிருப்பார்கள். நீங்கள் கேட்டது ஏணியின் மேல்படியில் இருக்கும் கார்டு. அதற்கு லிமிட்டும் பெரிதாகக் கொடுத்தாக வேண்டும். விண்ணப்பப் பக்கத்தில் ‘குறைந்தபட்ச வருமானம்’ என்று ஒரு தொகை போட்டிருப்பார்களே, அது வாசல்படி மட்டும்தான். அதைத் தொட்டாலே உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. தவணைகள் போக மீதி எவ்வளவு என்பதைத்தான் உள்ளே பார்ப்பார்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். இந்த வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. ஆதாரில் திருநெல்வேலி முகவரி, விண்ணப்பத்தில் மேடவாக்கம் வாடகை வீடு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் குற்றமில்லை. ஆனால் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரு சாக்கு போதும்.

காலமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, கார்டுக் கடனுக்கு வங்கிகள் கணக்கிட வேண்டிய ரிஸ்க் மதிப்பை 125 சதவீதத்திலிருந்து 150 ஆக உயர்த்தியது. அதாவது, கார்டில் ஈடில்லாமல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கி தன் பணத்தை முன்பைவிட அதிகமாக ஒதுக்கி வைக்க வேண்டும். ஷாப்பிங் மால் வாசலில் மேசை போட்டுக் கூவிக் கூவிக் கார்டு கொடுத்ததைப் பார்த்தவர்கள் இன்றும் அதே நினைப்பில் இருக்கிறார்கள்.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய சம்பளக் கணக்கு அதே வங்கியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பந்தயம் கட்டச் சொன்னால் ‘இருக்கிறது’ என்ற பக்கம் கட்டுவேன். மாதாமாதம் சம்பளம் எந்தத் தேதியில் விழுகிறது, எத்தனை நாளில் கரைகிறது என்பதெல்லாம் அந்த வங்கிக்கு முன்பே தெரியும். தெரிந்தவனுக்கு 740 போதும், தெரியாதவனுக்கு 781 போதாது. போதாக்குறைக்கு, நிறுவனங்களையும் வங்கிகள் தரம் பிரித்து வைத்திருக்கும். நீங்கள் வேலை செய்யும் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பதை உங்களால் பார்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது.

இப்போது செய்ய வேண்டியது. மறுத்த வங்கிகளுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் காரணம் கேளுங்கள். 2022இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கார்டு விதிகளில், மறுத்தால் குறிப்பான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. ‘உள் விதிகள்’ என்பது காரணமே இல்லை. அப்புறம் ஆறேழு மாதம் எங்கும் விண்ணப்பிக்காதீர்கள். ரிப்போர்ட்டின்படி பர்சனல் லோன் இன்னும் ஏழு மாதத்தில் முடிகிறது. அதற்கடுத்த மாதம் உங்கள் 22,500 ரூபாய் 8,000 ஆகிவிடும். 36 சதவீதம் 13க்கு வந்துவிடும். வேலையில் சேர்ந்தும் ஒரு வருடம் நெருங்கியிருக்கும். அந்த நேரத்தில் உங்கள் சம்பள வங்கியின் செயலியைத் திறந்து, ‘முன் அனுமதி’ பெற்ற கார்டு ஏதாவது காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அது மைல் கார்டாக இல்லாமல் சாதாரண ரிவார்டு கார்டாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருடம் ஒழுங்காக நடத்தினால் அடுத்த படிக்கு அவர்களே கூப்பிடுவார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் 35,000 ரூபாய்ச் செலவில் வீட்டு வாடகை 14,000 என்று எழுதியிருக்கிறீர்கள். வாடகைக்குப் பல கார்டுகளில் இப்போது பாயின்ட் கிடையாது. மீதி 21,000. வருடத்துக்கு 2,52,000 ரூபாய். அதில் இரண்டு சதவீதம் திரும்பி வந்தாலும் 5,040. வருடக் கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு 5,900. அந்த வங்கி மறுத்ததால் உங்களுக்கு 860 ரூபாய் மிச்சம்!

தினமும் மூன்று நான்கு தடவை செயலியில் என் ஸ்கோரைப் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்கக் குறையும் என்கிறாள் தங்கை. உண்மையா?
– வாசகி, தஞ்சாவூர்

குறையாது. நாமே நம் ரிப்போர்ட்டைப் பார்ப்பது கணக்கில் வராது. வங்கி பார்த்தால்தான் வரும். ஆனால் ஸ்கோர் ஒன்றும் தங்கம் விலை இல்லையே, தினமும் பார்ப்பதற்கு! அதைவிட, வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டையும் எடுத்துக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க் என்று ரிப்போர்ட் தரும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. நான்குமே ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நான்கிலும் ஒரே எண் வராது, பயப்பட வேண்டாம்.

அம்மா, எனக்கு 54 வயது, இல்லத்தரசி. மளிகைக்குப் பணம் திரும்பி வரும் கார்டு ஒன்று வாங்க ஆசை. ‘உனக்கு வருமானமே இல்லை, யார் கொடுப்பார்கள்’ என்று மகன் சிரிக்கிறான். என் பெயரில் 2 லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது. இரண்டு முறை நகையை வைத்துத் திருப்பியிருக்கிறேன். அவ்வளவுதான்.
– வாசகி, கரூர்

‘அவ்வளவுதான்’ என்கிறீர்கள், எனக்கு அது நிறையவே படுகிறது. நகையை எங்கே வைத்தீர்கள்? வங்கியிலோ நகைக்கடன் நிறுவனத்திலோ என்றால், அந்தக் கடன் உங்கள் பெயரில் ரிப்போர்ட்டில் ஏறியிருக்கும், ஒழுங்காகத் திருப்பியதும் ஏறியிருக்கும். உங்களுக்கே தெரியாமல் உங்களுக்கு ஒரு ஸ்கோர் இருக்கலாம். தெருமுனை அடகுக் கடை என்றால் அது சீட்டோடு முடிந்தது, வெளியே யாருக்கும் தெரியாது. எதற்கும் முதலில் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஒன்றுமே இல்லை என்று வந்தாலும் கவலை வேண்டாம். அந்த டெபாசிட் இருக்கிற வங்கிக்குப் போய், ‘டெபாசிட்டை ஈடாக வைத்து கார்டு கொடுப்பீர்களா?’ என்று கேளுங்கள். பல வங்கிகள் கொடுக்கின்றன. சம்பளச் சீட்டு கேட்க மாட்டார்கள், ஸ்கோர் இல்லையே என்று முகம் சுளிக்க மாட்டார்கள். நீங்கள் கட்டாவிட்டால் டெபாசிட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அவர்களுக்கென்ன! டெபாசிட்டுக்கு வட்டி பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். முழு இரண்டு லட்சத்தையும் ஈடு வைக்காதீர்கள். மளிகைக்குத்தானே, 40,000 அல்லது 50,000க்குத் தனியாக ஒரு டெபாசிட் பிரித்துப் போட்டு அதன்மேல் வாங்குங்கள். கார்டு இருக்கும்வரை அந்தப் பணத்தைத் தொட முடியாது, ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் மீதி கையில் இருக்க வேண்டும்.

மகன் தன் கார்டிலேயே உங்களுக்கு ஒரு கூடுதல் கார்டு எடுத்துத் தருகிறேன் என்று சொல்லலாம். பிள்ளை ஆசையாகத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதில் நீங்கள் எத்தனை வருடம் ஒழுங்காக இருந்தாலும் நல்ல பெயர் அவனுக்குத்தான் சேரும்.

பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். மாதம் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் எடுக்கிறேன். ஐ.டி. ரிட்டர்னில் 4 லட்சம்தான் காட்டியிருக்கிறேன். பிரீமியம் கார்டு கேட்டால் வருமானம் போதாது என்கிறார்கள். உண்மையான வருமானத்தை அவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது?
– வாசகர், திருப்பூர்

வருமான வரி அலுவலகத்துக்குச் சொன்னதைத்தான் வங்கியும் நம்பும். இரண்டு இடத்தில் இரண்டு கணக்கு சொல்ல நான் வழி சொல்லித் தர முடியாது. அடுத்த இரண்டு வருட ரிட்டர்னை உள்ளபடி போட்டுவிட்டு வாருங்கள்.

2019இல் பர்சனல் லோன் கட்ட முடியாமல் போய், 90,000 பாக்கிக்கு 55,000 கட்டி ‘செட்டில்’ செய்தேன். இப்போது நிலைமை பரவாயில்லை. எந்தக் கார்டு கேட்டாலும் மறுக்கிறார்கள். ஒரு ஏஜென்ட் 8,000 ரூபாய் கொடுத்தால் ரிப்போர்ட்டில் இருப்பதை அழித்து ஸ்கோரை 800 ஆக்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், மதுரை

கொடுக்காதீர்கள். உண்மையாக நடந்ததை ரிப்போர்ட்டிலிருந்து யாரும் அழிக்க முடியாது. தப்பாக ஏறியதைத் திருத்த ஏஜென்ட் தேவையே இல்லை. ரிப்போர்ட் தரும் நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே காசில்லாமல் புகார் போடலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்றுகூட விதி இருக்கிறது. அந்த ஏஜென்ட் அதே புகாரைத்தான் உங்கள் பெயரில் போடுவார். கையோடு உங்கள் ஆதார், பான் நகல்களும் அவரிடம் போய்விடும்.

உங்கள் விஷயத்தில் தப்பாக எதுவும் ஏறவில்லை. ‘செட்டில்டு’ என்ற சொல் நம் காதுக்கு ‘தீர்ந்தது’ என்று நல்லபடியாகக் கேட்கிறது. வங்கிக்காரர் காதில் ‘முழுசாக வரவில்லை’ என்று விழும். ‘குளோஸ்டு’ என்று இருந்தால்தான் முழுக்கக் கட்டியதாக அர்த்தம். அந்த 35,000ஐ இப்போது புரட்ட முடியுமானால் பழைய வங்கிக்கே போய், ‘மீதியைக் கட்டுகிறேன், நிலையை குளோஸ்டு என்று மாற்றித் தருவீர்களா?’ என்று எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். வாய்ப் பேச்சை நம்பிக் கட்டிவிட்டு அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டியதும் ‘நோ டியூ’ சான்றிதழைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். அதன் பிறகும் உடனே ரிவார்டு கார்டு கேட்டு ஓட வேண்டாம். கரூர் அம்மாவுக்குச் சொன்ன டெபாசிட் கார்டுதான் உங்களுக்கும் முதல் படி.

ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்களுக்கு யாராவது கார்டு மறுத்திருக்கிறார்களா மேடம்?
– வாசகர், புதுச்சேரி

குசும்புதான்! மறுத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற மறுவருடம், ரயில் டிக்கெட்டுக்குப் பாயின்ட் கிடைக்கிற கார்டு ஒன்று கேட்டேன். பென்ஷன் வருகிறது, கடன் ஒரு பைசா கிடையாது, கடன் பிரிவில் இருந்தவள் என்கிற மிதப்பு வேறு. ரிப்போர்ட் எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. மூன்றாம் நாள் மறுப்பு வந்தது. அவமானமாக இருந்தது, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு ரிப்போர்ட்டை எடுத்தால், எனக்கே தெரியாத ஒரு கடன் உட்கார்ந்திருக்கிறது. தெரியாத என்றா சொன்னேன்? மறந்துபோன. கூட வேலை பார்த்த ஒருவர் வீடு கட்டக் கடன் வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். காபி ஆறுவதற்குள் போட்ட கையெழுத்து. ஜாமீன் போட்ட கடனும் நம் ரிப்போர்ட்டில் வரும் என்று எத்தனையோ பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லாத வருடத்தில் தவணைகள் தாமதமாகியிருக்கின்றன. சரியான தேதியில் கட்டியிருந்தால் 000 என்று இருக்கும் கட்டங்களில், அவர் தாமதித்த நாட்கள் என் பெயருக்குக் கீழே வரிசையாக நின்றன: 028, 031, 059.

போன் செய்தேன். அவருக்கும் இது எனக்கு வந்து விழும் என்று தெரியவில்லை. கோபப்படலாம் என்றுதான் எடுத்தேன், அவர் குரலைக் கேட்டதும் முடியவில்லை. அதற்குள் பாக்கியெல்லாம் கட்டி, கடனை ஒழுங்குக்குக் கொண்டு வந்திருந்தார். நான் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து, பென்ஷன் வரும் வங்கியிலேயே கேட்டேன். 60,000 லிமிட்டில் கார்டு வந்தது. சென்னையில் இருக்கும் பேத்தியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அதில்தான் டிக்கெட் எடுக்கிறேன். அவர் வீட்டுக் கடன் முடிய இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. மாதா மாதம் தவணை கட்டிய ரசீதைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்.